அவள் விட்டுப்போன சொல்

எழுந்தான். பல் துலக்கினான், சவரம் செய்தான், வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்தான். கொடியில் கைக்கு முதலில் அகப்பட்ட சட்டையைப் போட்டுக்கொண்டான். மேல்பையின் அடியில் நீலம் இறங்கி, எத்தனை துவைத்தும் போகாத சட்டை. அகராதிக் குழுத் தலைவர் பரிசாகக் கொடுத்த பேனாவை அதே பையில் செருகிக்கொண்டு அகராதி அலுவலகத்துக்குக் கிளம்பினான்.

அங்கே அவனுக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை. உளவியல் சொற்களை எழுதிக் கொடுத்தவள் அவன் மனைவி. ஒரே ஒரு சொல்லை நிரப்பாமல் விட்டுவிட்டு, போன மாதம் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டாள்.

தாளில் மையைக் கொட்டி, மடித்து விரித்து, 'இதில் என்ன தெரிகிறது?' என்று கேட்டே மனதை அளக்கும் சோதனை. அதற்குத்தான் இன்னும் பெயர் இல்லை.

"இன்னிக்குச் சொல் முடிவாகணும் தம்பி. இல்லேன்னா மிச்சத்தை என் மச்சான் பார்த்துக்குவார். அட்டையிலயும் அவர் பேருதான் வரும்" என்றார் தலைவர்.

மச்சானுக்கு உளவியல் தெரியாது. தலைவரின் தங்கையைத் தெரியும்.

அட்டையில் மனைவியின் பெயர் வரவேண்டும். அவனிடம் மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

"மைத்தடம்னு போட்டுடலாமே" என்றார் குழுவிலிருந்த பேராசிரியர்.

"தடம்னா கால் பதிஞ்ச இடம். மைக்கு ஏதுங்க காலு?" என்று மறித்தார் தலைவர்.

"அப்ப மைத்திட்டு?"

"திட்டுன்னா மேடு. இது தட்டையால்ல கிடக்கு!"

வாதம் சூடாகச் சூடாகத் தேநீர் ஆறிப்போனது. தலைவர் அவன் பக்கம் திரும்பினார்.

"கடைசி வரைக்கும் வேலை நினைப்பாவே இருந்த பொண்ணு. உன்கிட்ட எதுவும் சொல்லிட்டுப் போகலையா?"

அவனுக்குப் பொய் வராது. உள்ளதில் ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தான்.

"கடைசியா, 'கறை'ன்னு சொன்னா ஐயா."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"கறை! மை தாள்ல இல்லீங்க, பார்க்கிறவன் மனசுல இருக்கு. என்ன ஆழம் பாருங்க!"

தலைவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "சாகிற நேரத்துலயும் நம்ம அகராதியைத்தான் நினைச்சிருக்கா. மைக்கறைச் சோதனை! அட்டையில அவ பேருதான், மாற்றமே இல்ல. எழுது தம்பி. அட, நான் கொடுத்த பேனாவா? ராசியான பேனா!"

அவன் எழுதினான். வழக்கம்போல விரலெல்லாம் நீலமானது.

போன மாதம், அவளுடைய கடைசி நாளன்று, அலுவலகத்திலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து மூச்சிரைக்க நின்றவனை, கட்டிலில் கிடந்தபடி மேலும் கீழும் பார்த்து அவள் சொன்னாள்:

"சட்டையில மறுபடியும் கறையா? உங்க தலைவர் கொடுத்த பேனாவை முதல்ல தூக்கிக் குப்பையில போடுங்க!"