பதினான்கு மாத விசா

எட்டு மாதமாகக் காத்திருந்த விசா ஒருவழியாக வந்துவிட்டது. ஒரு தம்பதி எத்தனை காலம் சேர்ந்து வாழ்வார்கள் என்று இயந்திரம் கணிக்கிறதோ, அத்தனை காலத்துக்குத்தான் இப்போதெல்லாம் விசா. அடுத்த தெரு ரெஜினாவுக்கு முப்பது வருஷம் கிடைத்தது. ஜோசியர் ஒன்பது பொருத்தம் சொன்ன எழிலரசிக்குப் பதினான்கு மாதம்.

"அதுக்குள்ள ஒரு புள்ளையப் பெத்துக்கடி, நீட்டிச்சிருவாங்க," என்றாள் அம்மா, பெட்டிக்குள் மிளகாய்த்தூளை அமுக்கியபடி.

"புள்ள என்னம்மா, ரேஷன் கார்டா?"

குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள், கல்லூரி வேலையைப் போன வாரம்தான் ராஜினாமா செய்துவிட்டு வந்திருந்தாள். வெளிநாட்டில் இருக்கும் கணவனை வீடியோவில் அழைத்தாள். 'மெஷின் கிடக்குது, நீ வா' என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அவள் திரையில் காட்டிய விசாவை மதியழகன் இரண்டு தரம் வாசித்தான்.

"சரி எழில், கிளம்பி வா. நாளைக்குக் கட்டில் வாங்கலாம்னு இருந்தேன். இனி எதுக்கு? வாடகைக்கே எடுத்துக்கறேன். பதினாலு மாசந்தானே."

எழிலரசி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெஷின் சொன்னப்ப நான் நம்பலங்க," என்றாள். "இப்பதான் நம்புறேன்."