படிக்க ஆளில்லாத ஆறு கோப்புகள்

"எத்திராஜ் செத்து ஒன்பது வருஷம் ஆச்சு மேடம். ஒருநாள் லீவு போடாம இந்தப் பெட்டிக்குள்ள வேலை பாக்குறான்."

பழைய சர்வரைச் சோதித்துக்கொண்டிருந்த அவள் நிமிரவில்லை.

அதை உடைக்க எடுத்துப்போகும் வண்டி கீழே நின்றது. உள்ளே எதுவும் ஓடவில்லை என்று அவள் சொன்னால் போதும், ஏற்றிவிடுவார்கள்.

பேசியவர் எத்திராஜோடு இதே அலுவலகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வுபெற்று ஏழு வருடம். வாய் மட்டும் இன்னும் பணியில் இருந்தது. சேதி கேட்டு மூன்று பேருந்து மாறி ஓடி வந்திருந்தார். அவர் சொன்ன கணக்கில் பதினொன்று.

"அவன் எழுதினது இதுல மட்டும்தான் இருக்கு. அணைக்காதீங்க."

ஆறு கோப்புகளைத் திறந்து காட்டினார். அவரும் எத்திராஜும் ஒரு மத்தியானம் விளையாட்டாக எழுதியவை.

கட்டளைக் கோப்பின் முதல் வரி, தன்னைப் படித்து நடத்த வேண்டிய நிரல் யார் என்று சொல்லும். இங்கே முதல் கோப்பு இரண்டாவதைக் கைகாட்டியது. இரண்டாவது மூன்றாவதை. அப்படியே போய், ஆறாவது மறுபடி முதலாவதை.

ஆக, படிக்க ஆளே இல்லை.

இந்தச் சுற்றலையெல்லாம் இயங்குதளம் எண்ணிக்கொண்டே வரும். ஐந்தாறு தாவலில் கையை விரித்துவிடும். அவள் புது சர்வரில் போட்டுக் காட்டினாள். கண் இமைப்பதற்குள் பிழைச் செய்தி.

அவர் குறும்பாகப் பழைய பெட்டியைக் காட்டினார்.

இயக்கினாள்.

பிழை வரவில்லை.

எதுவுமே வரவில்லை.

பிறகு, திரையில் ஒரு வரி.

படிச்சிட்டிருக்கேன். இரு.

ஆறு கோப்புகளிலும் தேடினாள். அந்த வரி எதிலும் இல்லை. நெட்வொர்க் வயரைப் பிடுங்கினாள். விசைப்பலகை அவள் மடியில் இருந்தது. அவர் கைகள் கால்சட்டைப் பையில்.

இன்னொரு வரி.

வயரைப் பிடுங்கின மேடத்தையும் இருக்கச் சொல்லு.

எத்திராஜ் இறந்தபோது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பிப் பார்த்தாள். அவர் கதவருகே போயிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"சும்மா அளந்தேன் மேடம். எங்களுக்கும் எப்பவும் பிழைதான் வரும்."

கைபேசி அடித்தது. வண்டிக்காரர். ஏற்றலாமா என்று கேட்டார்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம்ணே. உள்ள ஒருத்தர் படிச்சிட்டிருக்காரு."