பல்கனிக் கம்பி

வாசலில் ‘கட்டடக் கலைஞர் இஹ்ஸான்’ என்ற பித்தளைப் பலகை பளபளத்தது. உள்ளே அந்தக் கலைஞர், கட்டடக் கலைஞராவதற்கான பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். மனைவி றிஷானா புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டாள்.

“சுவருக்கு வெளிய நீட்டின பல்கனிக் கொங்கிறீட்டுக்குள்ள முக்கியமான கம்பி எங்க போடோணும்?”

“இதெல்லாம் ஒரு கேள்வியா? அடியில.”

“பிழை. மேல் பக்கத்தில. அடியில மட்டும் போட்டா முறிஞ்சு விழுமாம்.”

இஹ்ஸான் கதிரையை விட்டு எழும்பினார். “திரும்ப வாசி.”

திரும்ப வாசித்தாள். “சோதினைக்கு இன்னும் ஒரு மாசம் கிடக்கு. ஏன் பதறுறீங்க?”

இஹ்ஸான் போனை எடுத்தார். “ஹாஜியார், உங்கட உப்புவெளி விடுதிப் பல்கனியில ஆரும் நிக்கிறாங்களா?”

“திறப்பு விழாவெல்லோ! முப்பது பேர் போட்டோவுக்கு நிக்கிறம். நீங்கதான் படிப்பெண்டு வராம விட்டுட்டீங்க.”

“எல்லாரையும் உடனே கீழ இறக்குங்க! நான் கீறின பிளானில கம்பி பிழை!”

மறுமுனையில் ஹாஜியார் யாரையோ கூப்பிட்டு விசாரிப்பது கேட்டது. பிறகு ஒரே சிரிப்பு.

“பயப்படாதீங்க தம்பி. விடுதியைக் கட்டின கனகரத்தினம் மேசன் கம்பியை மேலதான் போட்டவராம். உங்கட பிளானை அவர் சோத்துப் பார்சலுக்குக் கீழ விரிக்கத்தான் எடுத்தவராம்.”