காசோண்டேயின் பூட்டு

"காசோண்டே பூட்டை நீ வெட்டறியா, நான் வெட்டட்டுமா?" கையில் பெரிய கத்தரியோடு கத்தினார் மேலாளர் சில்வம்பா.

பெரிய விசிறியின் சுவிட்சை மறித்துக்கொண்டு நின்றாள் பூபே. அந்தச் செம்புச் சுரங்கத்தில் சுவிட்சுகளுக்கு அவள்தான் பொறுப்பு. கீழே விசிறிக்குள் புகுந்து வேலை பார்ப்பவன், மேலே சுவிட்சில் தன் எண் பொறித்த பூட்டைப் போட்டுவிட்டுத்தான் இறங்குவான். போட்டவனே வந்து திறக்க வேண்டும், எந்தக் கொம்பன் சொன்னாலும் சரி.

"ரிப்பேர் ராத்திரியே முடிஞ்சுதுன்னு ரெஜிஸ்டர்ல எழுதிட்டு, பூட்டை மறந்துட்டு வீட்ல போய்த் தூங்கறான் அவன். இன்னொரு விசிறியும் இப்ப நின்னுபோச்சு. கீழ பதினேழு பேர் மூச்சு முட்டிக் கிடக்கறாங்க. உன் புருஷனும் அங்கதான் இருக்கான்!"

காசோண்டேக்கு மாற்றாளாக விடியற்காலையில் கிளம்பிய பூபேயின் கணவன் முபங்கா, வாசல்வரை போனவன் திரும்பி வந்து அவள் டப்பாவிலிருந்து வறுத்த மீனை எடுத்துத் தின்றுவிட்டுப் போயிருந்தான். அவள் எட்டு மணிக்கு வேலைக்கு வந்தபோதே சுவிட்சில் இந்தப் பூட்டு தொங்கியது. வெட்டிவிட்டால்தான் என்ன என்று அவளுக்கும் தோன்றாமல் இல்லை.

காசோண்டேயைப் போனில் பிடித்தாள்.

"கழட்டிட்டேன்னுல்ல நெனச்சேன்... தூக்கக் கலக்கத்துல விட்டுட்டேன் போல. பரவால்ல, வெட்டுங்க!"

"வாயால சொன்னா ஆகாது. சாவியோட வா."

"கல்நெஞ்சுக்காரி! உன் புள்ள சோலாவுக்கு அப்பன் வேணாமா?" என்று கூட்டத்தில் ஒரு பெண் அலறினாள். பூபே வாய்விட்டு அழுதாள். ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை.

கீழேயிருந்து வந்துகொண்டிருந்த போனும் நின்றுபோனது. சில்வம்பா அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார். அவள் பூட்டை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

இருபது நிமிடம் கழித்து, செருப்புகூட இல்லாமல் ஓடி வந்தான் காசோண்டே. சாவியை நுழைத்துத் திருகினான். அது அசையவில்லை.

"சீக்கிரம்டா!"

மறுபடியும் திருகிப் பார்த்தான். பிறகு பூட்டின் மேல் அப்பியிருந்த கிரீஸைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு எண்ணைப் பார்த்தான். அவன் கை அப்படியே நின்றது.

"சோலாம்மா... இது முபங்கா பூட்டு."