மண்டையோடு ஒட்டிய பின்னல்

“ஆடாம உட்காரு,” என்றாள் மாமியார். மருமகளின் ஈரச் சுருட்டை முடியில் எண்ணெய் தடவி, விரலாலேயே சிக்கெடுத்து, மண்டையோடு ஒட்ட வரிவரியாகப் பின்னினாள்.

“வலிக்குது அத்தை. விரிச்சு விட்டாத்தான் அழகுன்னு அவரே சொல்வாரு.”

“அழகு கிடக்கட்டும்.” நுனிகளைக்கூட உள்ளே மடித்துச் செருகினாள்.

மருமகளின் முகம் சுண்டிப்போனது. “என் முடி மேல உங்களுக்கு என்ன வயித்தெரிச்சல்?”

மாமியார் பின்னி முடித்ததும் அந்தத் தலையில் கை வைத்து, விரல்களை மடக்கி இழுத்துப் பார்த்தாள். எதுவும் சிக்காமல் கை வழுக்கியது.

“உன் மாமனார் இருந்தவரைக்கும் நானும் இப்படித்தான் பின்னிக்கிட்டேன். நேத்து அடுப்படி வரைக்கும் உன்னை இழுத்துட்டுப் போனானே, இனிமே அவன் கைக்குக் கொத்தாச் சிக்காது.”

வாசலில் பைக் வந்து நின்றது. மாமியாரின் கை தானாகத் தன் தலையையும் தடவிப் பார்த்துக்கொண்டது.