மூணாவது வரிசை

"அஞ்சு பேருக்கு எதுக்கு ஏழு சீட்டு?"

அன்றைக்கு மட்டும் அவர் அதைக் கேட்பது நாலாவது தடவை.

மனைவி ஏழு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, ஷோரூமில் நின்ற பெரிய வண்டியின் மூன்றாவது வரிசைக்குள் குனிந்து ஏறிக்கொண்டிருந்தாள்.

"பாத்து மேடம், பாத்து!" விற்பனைப் பெண் பதறினாள். "நீங்க முன்சீட்டுலதானே உக்காருவீங்க?"

"பின்னாடி உக்காருறவங்களுக்குக் கால் வைக்க இடம் இருக்கான்னு பாக்க வேண்டாமா?"

"பின்னாடி யாரு உக்காரப் போறா?" அவர் எரிச்சலோடு குறுக்கிட்டார். "நம்ம வாலு உக்காந்தா கால் தரையிலயே படாது!"

வாலு என்பது இளையவன். அவன் அந்நேரம் பக்கத்து வண்டிக்குள் புகுந்து ஹார்னை அழுத்திக்கொண்டிருந்தான். அவனை வெளியே இழுக்கப் போன அக்காள்காரி, தானும் ஒரு தடவை அழுத்திப் பார்த்தாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டுக்குள் 'ஐந்து பேர்' என்று எழுதியிருந்தால் ஐந்து பேர்தான். ஆறாவது ஆள் காலை வைத்தால் மணி அடிக்கும், மரியாதையாக இறங்கிவிட வேண்டும். பதினெட்டு வருஷமாக அந்தத் தொழிலில் இருக்கிறவருக்கு இந்தக் கணக்கு தப்புமா? புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் ரெண்டு, வரப்போவது ஒன்று. இருக்கிற காரிலும் ஐந்து சீட்டு.

ஆனால் வீட்டில் ரெண்டு வாரமாக இதே பாட்டு. அவரும் சும்மா இருக்கவில்லை. டேப் எடுத்துப் போய்ப் பின்சீட்டை அளந்தார். குழந்தைக்கான சீட்டு இங்கே, பெரியவள் இங்கே, வாலு நடுவில் என்று பென்சிலால் படம் போட்டுக் காட்டினார்.

அவள் படத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, "பத்தாது" என்றாள்.

"உங்க அக்கா பெரிய வண்டி வாங்கினாலும் வாங்கினாங்க, அன்னைலேருந்து உனக்கு இந்த ஆட்டம்!"

"அப்படியே வெச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அவளோடு சண்டை போடவும் வழியில்லை.

இது மூணாவது ஷோரூம். முதல் கடையில் பின்வரிசை ஒடுக்கம் என்றாள். ரெண்டாவதில், ஏறி இறங்குவது சிரமம் என்றாள். ரெண்டு இடத்திலும் விற்பனைக்காரர்கள் அவரைத்தான் பாவமாகப் பார்த்தார்கள்.

"இதுல பரவாயில்ல" என்று இப்போது வண்டிக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஒரு பெரியவங்களும் ஒரு பிள்ளையும் தாராளமா உக்காரலாம்."

"தலை வலிக்குது" என்றார் அவர், யாரிடம் என்றில்லாமல்.

அப்போதுதான் போன் அடித்தது. யாரென்று பார்த்ததும் அவர் முகம் மாறியது. "ஆபீஸ்" என்று முணுமுணுத்தபடி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

கூப்பிட்டது தங்கை. புருஷன் வீட்டை விட்டு வந்து மூன்று மாதம் ஆகிறது. எட்டு வயது மகளோடு, தோழி ஒருத்தியின் ஒற்றை அறையில் ஒண்டிக்கொண்டிருக்கிறாள். தோழிக்கு இப்போது கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

"அண்ணா, இன்னொரு தடவ அண்ணிகிட்ட கேட்டுப் பாத்தீங்களா? எனக்கு ஒரு வேலை கிடைக்கிற வரைக்கும்தான்."

"கேட்டேம்மா." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவ ஒத்துக்க மாட்டேங்கிறா. மாசமா வேற இருக்காளா, எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறா. நான் என்ன பண்ணுவேன் சொல்லு? கொஞ்ச நாள் போகட்டும்."

"சரிண்ணா. அண்ணிய ஒண்ணும் சொல்லாதீங்க. அவங்க நிலைமையில யாரா இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவாங்க."

போனை வைத்துவிட்டு அவர் சற்று நேரம் தெருவைப் பார்த்து நின்றார். உள்ளே திரும்பியபோது மனைவி வண்டியிலிருந்து இறங்கி, பின்கதவைத் திறந்து ரெண்டு பெட்டி வைக்க இடமிருக்குமா என்று கையால் முழம் போட்டுக்கொண்டிருந்தாள்.

அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்தது பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"போதும்! இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும். இந்த மூணாவது வரிசையில யாரு உக்காரப் போறாங்க? உங்க அக்காவா, உங்க அம்மாவா? சொல்லித் தொலையேன்!"

அவள் நிமிர்ந்தாள்.

"உங்க தங்கச்சியும் அவ பொண்ணும்."

விற்பனைப் பெண், பிள்ளைகளைப் பார்க்கிற சாக்கில் மெல்ல நகர்ந்துவிட்டாள்.

"அது... உனக்கு... யாரு..."

"ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எனக்கு மெசேஜ் அனுப்பியிருந்தா. 'உங்களுக்கு இஷ்டமில்லன்னு அண்ணன் சொன்னாரு. நான் தப்பா எடுத்துக்கல அண்ணி, நீங்க உடம்பப் பாத்துக்கோங்க'ன்னு. நீங்களா வாயத் திறப்பீங்கன்னு நானும் தினம் பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, அலுப்போடு அவர் முகத்தையே பார்த்தாள்.

"நான் ஒத்துக்க மாட்டேன்னு அவகிட்ட சொன்னீங்க, சரி. என்கிட்ட எப்பங்க கேட்டீங்க?"