கருவூல லிஃப்ட்

என் பென்ஷன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பென்ஷன்காரர்கள் உயிரோடிருப்பதை நேரில் காட்ட வேண்டிய கடைசி நாளன்று, கருவூல லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டது. உள்ளே நானும் லிஃப்ட் ஓட்டும் அமலதாஸும்.

கதவைத் தட்டினேன். "அம்மா, நான் உயிரோடதான் இருக்கேன்."

"குரல் கேக்குதுங்கய்யா. ஆனா ஆள நேர்ல பாத்தாத்தான் பென்ஷன் வரும்" என்றார் வெளியே நின்ற பெண் அதிகாரி.

அமலதாஸ் சிரித்தார். "உங்களுக்கு நிறுத்துறதுக்காவது ஒரு பென்ஷன் இருக்கு பெரியவரே. புதுத் திட்டத்துல எங்களுக்கு அதுவும் இல்ல."

"பழைய திட்டத்தக் கொண்டாருவோம்னு சொன்னவங்களுக்குத்தானே ஓட்டுப் போட்ட?"

"நீங்களுந்தான் போட்டீங்க."

கதவைத் திறக்கலாமா என்று ஆராய அரசு ஒரு குழு அமைத்தது. பிறகு ஆட்சி மாறியது. புதிய அரசு குழுவின் காலத்தை நீட்டித்தது. நாங்கள் இன்னும் உள்ளே வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் ஊர்க் கருவூலத்துக்கு மாடி கிடையாது.